முப்பத்தைந்து மார்க் உருண்டைக் குழம்பு

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், உங்கள் தங்கையும், அவளுடைய இரத்த அழுத்தமும் நலமாக இருக்கிறோம். அங்கே உங்கள் நலமும், சகலையின் நலமும், எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் புது முழங்காலின் நலமும் அறிய ஆவல். முழங்காலை நான் தனியாக விசாரித்ததாகச் சொல்லவும். புதிதாகப் பள்ளியில் சேர்த்த பிள்ளையைப் போல அது முதல் மாதம் அழும், அடம்பிடிக்கும், படியேற மாட்டேன் என்று உட்கார்ந்துகொள்ளும். அதட்டவும் கூடாது, அப்படியே விட்டுவிடவும் கூடாது. தினம் நாலடி கூடுதலாக நடத்திப் போனால் தானாகப் பழகிவிடும்.

இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா, எதற்குக் கடிதம் என்று சகலை கேட்பார். நான் போனில் பேசினால் உங்கள் தங்கை பக்கத்தில் நின்று என் பதில்களைத் திருத்துவாள் என்பது உங்களுக்குத் தெரியும். இது அவள் காதுக்குப் போகக்கூடாத விஷயம். நான் எழுதும் கடிதங்களைக்கூட உறையில் போடுமுன் அவள் ஒரு தடவை படித்துப் பிழை பார்ப்பாள். முப்பத்தாறு வருஷம் ஊரார் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தியவனுக்கு ஆண்டவன் அனுப்பிவைத்த ஆள் அவள். இந்த ஒரு கடிதத்தை மட்டும் அவளுக்குக் காட்டாமல் ஒட்டப்போகிறேன். நீங்கள் படித்ததும் கிழித்துவிடவும். சகலையிடம் கொடுக்க வேண்டாம். அவருக்கு மனதுக்குள் படிக்கத் தெரியாது.

முதலில் நல்ல செய்தி. வருகிற வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் உங்கள் தங்கை கிளம்பி உங்களிடம் வருகிறாள். ஒரு மாதம் முழுதாக உங்களோடு இருப்பாள். ஆறு வருஷமாக ‘வர்றேன், வர்றேன்’ என்று சொல்லியே காலம் கடத்தியவள் எப்படி வருகிறாள் என்று நீங்கள் மலைப்பீர்கள். அத்தனை வருஷம் அவள் வராததற்கு நான்தான் காரணம் என்பதையும் நீங்கள் அறிவீர்கள். எனக்கு வெளிச் சாப்பாடு ஆகாது. மூன்றாம் நாளே வயிறு ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிடும். எனக்குச் சமைக்கத் தெரிந்தது இரண்டே இரண்டு. ஒன்று வெந்நீர், இன்னொன்று ஆறின வெந்நீர். உங்களுக்கு ஆபரேஷன் தேதி குறித்த அன்று அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, “அக்கா பக்கத்துல நான் ஒரு மாசமாவது இருக்கணும்” என்றாள். போய் வா என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் வீட்டில் விட்டுப்போகும் பூந்தொட்டியைப் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

“போயிட்டா நீங்க என்ன சாப்பிடுவீங்க?”

“நானே சமைப்பேன்.”

“எத?”

அவளே முடிவு கட்டினாள். “ஒரு நாள், நான் வீட்ல இல்லாதப்ப, யார் உதவியும் இல்லாம ஒரு குழம்பு வைங்க. நான் வந்து சாப்பிட்டுப் பாக்குறேன். தேறினீங்கன்னா கிளம்புறேன். தேறலன்னா அக்காவுக்குப் போன்லயே ஆறுதல் சொல்லிக்கிறேன்.”

பருப்புக் குழம்பு வைக்கிறேன் என்று நைசாகச் சொல்லிப் பார்த்தேன். “பருப்பு அதுவா வேகும். அதுல உங்க பங்கு என்ன?” என்று தள்ளிவிட்டுக் கறி உருண்டைக் குழம்பு என்று அறிவித்தாள். ஏன் அது என்று கேட்டதற்கு அவள் சொன்ன காரணத்தை நான் பி.எட். படிப்பில்கூடக் கேட்டதில்லை. “அதுல எல்லாப் பாடமும் இருக்கு. அரைக்கணும், பிசையணும், உருட்டணும், வதக்கணும், கொதிக்க விடணும். அதுக்கெல்லாம் மேல, உருண்டையக் குழம்புல போட்டதுக்கப்புறம் கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கணும். அதுதான் உங்களுக்கு வராது.”

அன்று மாலை சகலை போன் பண்ணி, “என்ன வாத்தியாரே, பரீட்சையாமே. தீயணைப்பு வண்டிக்கு இப்பவே சொல்லி வச்சிரு, கடைசி நேரத்துல கிடைக்காது” என்றதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. எழுதி மட்டும் வைத்திருக்கிறேன்.

எந்தப் பரீட்சைக்கும் ஆயத்தம் முக்கியம். ஓர் உதாரணம் சொல்கிறேன். காம்பஸ் பெட்டியை ஒழுங்காக அடுக்கி வைக்கும் பையன் கணக்கைத் தப்பாகப் போட்டாலும் கோட்டை நேராகப் போடுவான். அதனால் நான் முதலில் அடுப்படியை ஒழுங்குபடுத்தினேன். உங்கள் தங்கை ஆஸ்பத்திரி மருந்தகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். ஒரு மாத்திரைக்கு நாலு சீட்டு ஒட்டியவள். வீட்டிலோ ஒரே அளவுள்ள பதினாறு எவர்சில்வர் டப்பாக்களை வரிசையாக வைத்துக்கொண்டு ஒன்றில்கூடப் பெயர் எழுதவில்லை. கேட்டால், “மருந்துக்குச் சீட்டு வேணும். சாப்பாட்டுக்கு மூக்கு இருக்கு” என்கிறாள். அவளுக்கு இருக்கிறது. எனக்குச் சுண்ணாம்புக்கட்டித் தூள் போய் அடைத்து இருபது வருஷமாகிறது. மல்லிகையும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒன்றுதான். எனவே அவளைக் கேட்டுக் கேட்டுப் பதினாறு டப்பாவுக்கும் அழகான கையெழுத்தில் சீட்டு எழுதிச் சோற்றுப் பசையால் ஒட்டி, அகர வரிசையில் அடுக்கினேன். கசகசா, கடுகு, கஸ்டர்டு பவுடர் (பேரப்பிள்ளைகள் வந்தபோது வாங்கியது), கிராம்பு என்று போய் மிளகில் முடிந்தது. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். ஒரு நல்ல வகுப்பறையைப் பார்த்த மாதிரி இருந்தது. அவளும் வந்து பார்த்தாள். “உப்பு எங்க?” என்றாள். முதல் வரிசையில் என்றேன். “அடுப்புப் பக்கத்துல இருந்த உப்பு இப்ப ஸ்டூல் போட்டு ஏறி எடுக்கணும், அப்படித்தானே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்தது கறிக்கடை. நம் தெருமுனைக் கறிக்கடைக்காரர் என் பழைய மாணவர் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். தொழில் நடக்கும் கத்தியை நிறுத்தாமலே, “வாங்க சார். ஒம்பதாவது முழுப் பரீட்சை, கணக்கு, முப்பத்திநாலு” என்றார். எனக்கு விளங்கவில்லை. “முப்பத்தஞ்சு எடுத்தா பாஸு. நீங்க முப்பத்திநாலு போட்டீங்க. ஒரு மார்க் சார்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கடையில் நின்ற இன்னும் மூன்று பேருக்கும் கேட்கும்படி, ஒரு தகவலாகச் சொன்னார். உனக்கு அந்த ஒரு மார்க்கைப் போட்டிருந்தால் அடுத்த வருஷம் நீ அல்ஜீப்ராவில் திணறியிருப்பாய் என்று உதாரணத்துடன் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு அவர் என்னைக் கேள்வி கேட்டார்.

“உருண்டைக்கா சார்? கொழுப்பு எவ்வளவு போடட்டும்?”

“கொழுப்பே வேண்டாம். டாக்டர் சொல்லியிருக்கார்.”

“கொழுப்பு இல்லாம உருட்டினா கல்லாயிடும் சார். கோலி விளையாடலாம். கால் கிலோவுக்கு ஒரு கைப்பிடி வேணும்.”

“நான் கேட்டத மட்டும் குடுப்பா.”

“நீங்களும் அப்படித்தான் சார், கேட்டதுக்கு மட்டும்தான் மார்க் போடுவீங்க” என்றபடியே நைசாகக் கொத்தி, இலையில் கட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்தால் வெள்ளைத் துணுக்குகள் தெரிந்தன. என்னைக் கேட்காமலே ஒரு கைப்பிடி போட்டிருக்கிறார். திருப்பிக் கொடுக்கலாமா என்று நினைத்தேன். பிறகு, அவர் பாடத்தில் அவர் சொல்வதைக் கேட்போம் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பரீட்சை. உங்கள் தங்கை கைப்பையை மாட்டிக்கொண்டு, “நூலகத்துக்குப் போயிட்டு, அப்படியே பிரஷரும் பாத்துட்டு ஒரு மணிக்கு வர்றேன். யார்கிட்டயும் கேக்கக் கூடாது” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். மேல்தட்டில் டப்பாக்கள் அகர வரிசையில் நின்றன. எல்லாம் சரியாகவே ஆரம்பமானது, அண்ணி. கறியைக் கழுவிப் பிழிந்தேன். சோம்பு, பட்டை, இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் எல்லாம் அரைத்தேன். சோற்றுக்கு உலையை அடுப்பில் வைத்தேன். அங்கேதான் விதி உட்கார்ந்திருந்தது. அடுப்புக்கு நேர் மேலே தட்டு. தட்டில் என் சீட்டுகள். சீட்டில் சோற்றுப் பசை. உலையின் ஆவி மேலே போகப் போக, விடுமுறை மணி அடித்ததும் கிளம்பும் பிள்ளைகளைப் போல ஒவ்வொன்றாகச் சீட்டுகள் கழன்று கீழே இறங்கின. ஏழு சீட்டுகள். பதற்றப்படாமல் பொறுக்கி, எது எந்த டப்பா என்று யோசித்து மறுபடி ஒட்டினேன். மஞ்சள் நிறமாக இருந்தது மஞ்சள். கறுப்பாக, சிறிதாக இருந்தது கடுகு. வெளிர்மஞ்சளாக மாவு மாதிரி இருந்தது உருண்டையைப் பிடித்துவைக்கும் பொட்டுக்கடலை மாவு. நிரூபிக்கப்பட்டது என்று எழுதவேண்டியதுதான் பாக்கி.

மாவைப் போட்டுப் பிசைந்தேன். அருமையாகச் சேர்ந்து வந்தது. உருட்டும்போது ஒரு சங்கடம். ஒன்று நெல்லிக்காய், ஒன்று எலுமிச்சை என்று வந்தால் ஒன்று வேகும், ஒன்று வேகாது. ஒரே வகுப்பில் ஆறு வயதுப் பிள்ளையையும் பதினாறு வயதுப் பிள்ளையையும் உட்காரவைத்த கதையாகும். அதனால் அடிக்கோலை எடுத்துக் கழுவி, ஒவ்வொன்றும் மூன்று சென்டிமீட்டர் குறுக்களவு என்று அளந்து அளந்து இருபத்துநான்கு உருண்டை பிடித்தேன். பதினேழாவதை அளக்கும்போது கதவு தட்டப்பட்டது. எதிர் வீட்டுத் தையல்கார அம்மா. கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க, “சார், என் இஞ்ச் டேப்ப இங்க விட்டுட்டேனா?” என்றார். கழுத்தில் கிடக்கிறதே அம்மா என்றேன். “அட, ஆமா” என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில், “வெங்காயம் கருகுற மாதிரி இருக்கு, எந்த வீடோ” என்றார். எந்த வீடு என்று நானும் யோசித்தபடியே உள்ளே வந்தேன். இந்த வீடு. வாணலியில் வெங்காயம் கரிக்கட்டையாக இருந்தது. கொட்டிவிட்டு மறுபடி நறுக்கி, அழுது, வதக்கினேன். அந்த அம்மா மறதியாக வந்தது தெய்வச் செயல் என்று நினைத்துக்கொண்டேன்.

மசாலா கொதித்தது, தேங்காய் அரைத்து ஊற்றினேன், உருண்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். இனிக் கரண்டி போடக் கூடாது, சட்டியின் காதைப் பிடித்து லேசாக ஆட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அண்ணி, முப்பத்தாறு வருஷம் பரீட்சை ஹாலில் பெஞ்சுக்குப் பெஞ்சு போய் எட்டிப் பார்த்தவனுக்கு எப்படிச் சும்மா இருக்க வரும்? இந்த ஓரத்தில் இருப்பது வெந்ததா என்று ஒரு தடவை, அந்த ஓரத்தில் இருப்பது திரும்பிவிட்டதா என்று ஒரு தடவை கரண்டியால் தொட்டேன். இரண்டு உருண்டைகள் கரைந்து குழம்போடு குழம்பாகப் போய்விட்டன. மீதி இருபத்திரண்டு. அந்த நேரத்தில் மறுபடி கதவு. மறுபடி தையல்கார அம்மா. இந்தத் தடவை கையில் ஒரு டம்ளர்.

“கொஞ்சம் சர்க்கரை வேணும் சார். ஆமா, யாருக்குப் பிறந்தநாள்?”

“யாருக்கும் இல்லையே. ஏன்?”

“வராண்டா பூரா கேக் வாசம் அடிக்குதே, அதான் கேட்டேன்.”

அவரை அடுப்படிக்குக் கூட்டிப் போய் அந்த மாவு டப்பாவைத் திறந்து காட்டினேன். மூக்கை வைத்தவர் என்னைப் பார்த்தார். “சார், இது பொட்டுக்கடலை இல்ல. கஸ்டர்டு பவுடர். பால்ல காய்ச்சிப் பழத்துல ஊத்திச் சாப்பிடுறது. வனிலா” என்றார். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மணி பன்னிரண்டு பத்து. நினைத்துப் பாருங்கள். அங்கே ஆபரேஷன் ஆன காலோடு நீங்கள்; இங்கே ஆறு வருஷமாகக் கிளம்பாத உங்கள் தங்கை; நடுவில் நான் வைத்த வனிலா உருண்டைக் குழம்பு.

இனி எழுதப்போவதுதான் இரகசியம். அந்த அம்மா டம்ளரை என் முன்னால் நீட்டினார். “இத நல்லாத் தட்டிப் போடுங்க. கூட ரெண்டு கிராம்பு. மூடி வச்சிருங்க. வாசம் அமுங்கிடும். கரண்டியத் தொடாதீங்க.” சர்க்கரை வாங்க வந்தவருடைய டம்ளரில் மிளகும் சோம்பும் இருந்தன. அவசரத்தில் எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை. எனக்குப் பட்டதெல்லாம் வேறு. பரீட்சை எழுதுகிறவனுக்கு வெளியிலிருந்து விடை வந்திருக்கிறது. ஒரு காலத்தில் முழங்கையில் ஃபார்முலா எழுதிக்கொண்டு வந்த பையனைக் கையோடு பிடித்து, ‘தெரியலன்னா தெரியலன்னு எழுது. அடுத்தவன் விடைய எழுதாத’ என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னவன் நான். அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றது இப்போதும் கண்ணில் நிற்கிறது. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா மிளகு தட்டும் சின்ன உலக்கையை எடுத்து என் கையில் கொடுத்தார். அண்ணி, நான் தட்டிப் போட்டேன். கிராம்பும் போட்டேன். உங்கள் தங்கையின் கணவன் அறுபத்துமூன்றாம் வயதில் காப்பியடித்தான்.

அதற்குப் பிறகு சும்மா இருந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம். உங்கள் தங்கை சொன்னது உண்மை. அந்தக் குழம்பிலேயே கஷ்டமான பாடம் அதுதான்.

சரியாக ஒரு மணிக்கு வந்தாள். கைப்பையை ஆணியில் மாட்டினாள், கை கழுவினாள், உட்கார்ந்தாள். சோறு போட்டு, குழம்பு ஊற்றி, ஓரமாக இரண்டு உருண்டை வைத்தேன். டாக்டரின் கையெழுத்தைப் பார்ப்பதுபோலத் தட்டைப் பார்த்தாள். ஓர் உருண்டையை விரலால் விண்டாள். கல்லாக இல்லை, கறிக்கடைக்காரர் வாழ்க. அப்படியே மூக்கருகே கொண்டுபோனாள். என் உயிர் அந்த மூக்கின் நுனியில் இருந்தது.

“என்ன மாவு போட்டீங்க?”

“மாவுதான்.”

“மாவுதான்னா?”

“பிடிச்சு வைக்குமே, அந்த மாவு.”

சாப்பிட்டாள். “உப்பு போட்டீங்களா?” “போட்டேன்.” “ஸ்டூல் போட்டு ஏறியா?” “ஏறித்தான்.” முதல் உருண்டை முடிந்தது. இரண்டாவது முடிந்தது. பிறகு, நான் சத்தியமாக ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவளே கரண்டியை எடுத்து மூன்றாவதைப் போட்டுக்கொண்டாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் தன் சமையலையே இரண்டாவது தடவை போட்டுக்கொண்டு நான் பார்த்ததில்லை. எல்லோருக்கும் போட்டுவிட்டு மிஞ்சியதைத்தான் சாப்பிடுவாள். அன்றைக்கு உட்கார்ந்து, சூடாக, எழுந்திருக்காமல் சாப்பிட்டாள். மார்க் எதற்கு, அதைப் பார்த்ததே போதும் என்று தோன்றியது. ஆனாலும் கேட்டேன்.

“மார்க்?”

“முப்பத்தஞ்சு.”

“எங்கெங்க நீ மார்க் குறைச்சேன்னு சொன்னா…”

“விடைத்தாள் தர்றதில்ல. இன்னும் கேட்டா குறையும்.”

அப்படித்தான் தேறினேன். மறுநாள் கறிக்கடைக்குப் போய், “உனக்கு அந்த ஒரு மார்க்கப் போட்டிருக்கலாம்பா” என்று சொன்னேன். அவர் கத்தியைத் துடைத்தபடி, “போட்டிருந்தா நான் எங்கயாச்சும் ஆபீஸ்ல உக்காந்திருப்பேன் சார். உங்களுக்குச் சொல்லாமக் கொழுப்பு போட்டுத்தர ஆள் ஏது?” என்றார்.

உங்கள் தங்கை இப்போது பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். ஒரு மாதத்துக்கு ஒரு பை போதாதா, இரண்டு பை எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. பெண்கள் சமாச்சாரம், நான் கேட்கவில்லை. பஸ் நிலையத்துக்குச் சகலையை அனுப்பிவைக்கவும். அவள் தானே தூக்குவேன் என்பாள், விடவேண்டாம். அவளுக்கு மத்தியானம் இரண்டு மணிக்குக் கொஞ்ச நேரம் கண்ணை மூடவேண்டும். கேட்டால் தூங்கவில்லை என்பாள், நம்பவேண்டாம். மாலைக் காப்பியில் சர்க்கரை அரைக் கரண்டிதான். ஒரு கரண்டி போட்டதாகச் சொல்லி அரைக் கரண்டி போடுவது என் வழக்கம்.

என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நான் தேறினவன். ஒன்று மட்டும் உங்களிடம் சொல்கிறேன், அவளிடம் சொல்லாதீர்கள். நேற்று மத்தியானம் அவள் புடவைகளை மடிக்கும்போது நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். முப்பது மத்தியானம் இந்தச் சட்டியில் இருபத்திரண்டு உருண்டை வைத்து, யாரிடம் ‘உப்பு சரியா’ என்று கேட்பேன் என்று ஒரு நினைப்பு வந்தது. முப்பத்திநாலு வாங்கியிருக்கலாமோ என்றுகூட ஒரு நொடி தோன்றியது. உடனே தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டேன். உங்கள் கால் சீக்கிரம் தேற வேண்டும், அதுதான் முக்கியம்.

நீங்கள் கோல் இல்லாமல் நடந்து, படி ஏறி, சகலையைத் துரத்தும் நாள் விரைவில் வரட்டும். சகலைக்கு என் அன்பு. தீயணைப்பு வண்டி தேவைப்படவில்லை என்று தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள,
தேர்ச்சி பெற்ற தங்கை கணவன்

பின்குறிப்பு: சோற்றுப் பசையை இனி நம்புவதில்லை என்று உறையை ஒட்ட எதிர் வீட்டுக்குக் கோந்து வாங்கப் போனேன். தையல்கார அம்மா பேச்சுக் கொடுத்துக் கால் மணி நேரம் நிறுத்திவிட்டார். திரும்பி வந்தால் உங்கள் தங்கை கண்ணாடி போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறாள், கையில் இந்தக் கடிதம், இன்னொரு கையில் என் பழைய சிவப்புப் பேனா. ‘நூலகம்’ என்ற சொல்லை அடித்து ‘எதிர் வீடு’ என்று திருத்தியிருந்தாள்.

“பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் அங்க ஜாக்கெட் துணி மேல உக்காந்திருந்தேன். வெங்காயம் கருகுச்சு, அந்தம்மாவ அனுப்பினேன். வனிலா வாசம் வந்துச்சு, மிளகு குடுத்து அனுப்பினேன். சர்க்கரை கேட்டு வர்றவ டம்ளர்ல மிளகு எப்படி வந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? இந்தக் கணக்கு வாத்தியார நம்பி ஒரு மாசம் எப்படித் தனியா விட்டுட்டுப் போறது?”

கேள்வித்தாள் தயாரித்தவளே விடையையும் கொடுத்தனுப்பியிருக்கிறாள். அப்படியானால் முப்பத்தைந்து எப்படி என்று கேட்டேன். “முப்பத்திநாலுதான். ஒரு மார்க் நான் போட்டது” என்றாள்.

“அப்ப நீ அக்காகிட்டப் போகலையா?”

“போகாம? ரெண்டு டிக்கெட் எடுத்துப் பத்து நாளாச்சு. அந்த இன்னொரு பையில என்ன இருக்குன்னு திறந்து பாருங்க.” திறந்தேன். என் சட்டைகள், என் வேட்டிகள், அடியில் என் அடிக்கோல்.

பின்னே எதற்குப் பரீட்சை வைத்தாய் என்றேன். “அங்க வந்து உக்காந்துக்கிட்டு எங்களுக்கு உதாரணம் சொல்றதுக்கா கூட்டிட்டுப் போறேன்? அக்கா கால நான் பாத்துக்குறேன். அடுப்ப யாரு பாக்குறது?” என்றாள்.

ஆகவே அண்ணி, மேலே எழுதியதில் ‘என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்’ என்பதை மட்டும் நீங்கள் அடித்துவிடவும். வெள்ளிக்கிழமை இருவராக வருகிறோம். உங்கள் அடுப்படி டப்பாக்களில் நான் சீட்டு ஒட்டமாட்டேன் என்று இங்கே எழுதித் தரச் சொல்கிறாள், எழுதியாயிற்று. வீட்டில் கஸ்டர்டு பவுடர் இருந்தால் பூட்டி வைக்கவும். தீயணைப்பு வண்டியைப் பற்றிச் சகலையிடம் நான் சொல்லச் சொன்னதை இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.